துஷ்டி மாலையும் தூத்துக்குடி பஸ்ஸும்

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. மாலையைப் பாத்துட்டு ஏன் நிக்கிய? அது ஒண்ணும் கடிக்காது. இந்தா, தூக்கி மடியில வச்சுக்கிடுதேன். பஸ்ஸே பிதுங்கிக்கிட்டுப் போகுது, என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாக் கிடக்கு. உங்களுக்கு முன்னால ரெண்டு மூணு பேரு வந்தான், மாலையைப் பாத்தான், அப்படியே கம்பியைப் பிடிச்சுக்கிட்டான். கோவில்பட்டி வரைக்கும் கால் கடுக்க நின்னாலும் நிப்பானாம், துஷ்டி மாலைக்குப் பக்கத்துல உக்கார மாட்டானாம்.

துஷ்டி மாலைதான், இல்லேங்கல. ஆனா யாரும் சாகல. அதான் இப்பப் பிரச்சினை.

சிரிக்காதிய. கேட்டா நீங்களே என் பக்கம்தான் பேசுவிய. மொதல்ல முன்னால பாருங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஜன்னலோரம், கத்திரிப்பூ கலர் சேலை, தெரியுதா? தலையும் தோளும் மட்டும்தான் தெரியும். அவதான் எங்க வீட்டுக்காரி, சண்முகவடிவு. எல்லாம் அவ இழுத்து விட்ட வினை. கோவமா உக்காந்திருக்கா. நானும் கோவமாத்தான் இருக்கேன். என் கோவத்துல நியாயம் இருக்கு, அதான் வித்தியாசம்.

நான் கோமதிநாயகம். கோவில்பட்டியில பாத்திரக்கடை. ஆனா கடையை வச்சு என்னை யாருக்கும் தெரியாது, துஷ்டியை வச்சுத்தான் தெரியும். எங்க தெரு சங்கத்துல நான் துணைத் தலைவர். எந்த வீட்டுல உசுரு போனாலும் மொத போன் எனக்குத்தான். டாக்டருக்குக் கூட அப்புறம்தான். வீட்டுக்காரன் அழுது மூக்கைச் சிந்துறதுக்குள்ள பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, சங்கு ஊதுற ஆளு, எல்லாம் வந்து இறங்கிரும். நான் நிக்காம எங்க தெருவுல ஒரு பாடைத் தேர் கிளம்புனதில்ல. நல்லதுக்குப் போகாட்டாலும் கெட்டதுக்குப் போகணும்னு சொல்லுவாகள்லா, அதை நான் சட்டமாவே வச்சிருக்கேன். கல்யாணம்னா மொய்யை யாருகிட்டயாவது குடுத்து விட்டுரலாம். சாவுக்கு அப்படிக் குடுத்து விட முடியுமா?

சரி, இன்னைக்குக் கதைக்கு வாறேன். காலையில கடைக்குப் போயிட்டு, பத்தரை மணி காப்பிக்கு வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டிக் கிடக்கு. சாவி வழக்கம்போல மீட்டர் பெட்டி மேல இருக்கு. உள்ள போனா ஆளைக் காணல. போன் போட்டேன். அடுப்படியில இருந்து சத்தம் வருது. போனை அரிசி டின் மேல வச்சுட்டுப் போயிருக்கா! மேசையில பாத்தா சோறு, புளிக்குழம்பு, அவரைக்காய் பொரியல், எல்லாம் மூடி வச்சிருக்கு. பிளாஸ்க்ல காப்பி. காப்பியைக் குடிச்சேன். என்னமோ தப்பா இருக்கேன்னு தோணுச்சு. சரி, பசிச்ச வயித்தோட யோசிச்சா மூளை ஓடாதுன்னு சோத்தையும் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் பதறினேன்.

எதிர்வீட்டு செல்லக்கனிகிட்ட கேட்டா, "மதினி தூத்துக்குடி பஸ்ஸுல ஏறுனாகளே அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாதா?"ங்கா. தெரியாதுன்னு சொல்ல முடியுமா? தெரியும், கூட யாரு போனாகன்னு கேட்டேன்னேன். "தனியாத்தான். கத்திரிப்பூ கலர் சேலை. தலையில ஒரு முழம் பூ கூட இல்ல. முகத்தைப் பாத்தா என்னமோ போல இருந்துச்சு"ன்னா.

நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, தாலி கட்டின ஒருத்தி, தலையில பூ இல்லாம, புருசன்கிட்டச் சொல்லாம, தன்னந்தனியா பஸ் ஏறுறா. என்ன அர்த்தம்? இன்னைக்கு நேத்தா துஷ்டி பாக்கேன்? ஒரே நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டேன். தூத்துக்குடியில பொன்னுலிங்க மாமா போயிட்டாரு.

அவரு யாருன்னு கேக்கியளா? வடிவுக்கு சித்தப்பா. அப்பா இல்லாத பிள்ளைன்னு வடிவை வளர்த்து எனக்குக் கட்டிக் குடுத்ததே அவருதான். ஏழு வருசமா பேச்சுவார்த்தை இல்ல. எங்க மக கல்யாணப் பத்திரிகையில அவரு பேரு விட்டுப்போச்சு. விட்டுப்போச்சுன்னா, இடம் பத்தல. சங்கத்து நிர்வாகிகள் பேரையெல்லாம் போட்டே ஆகணும்லா, அவுகளுக்குப் போட்டது போக பொண்டாட்டி வீட்டுச் சொந்தத்துக்கு இடம் இல்ல. அதுக்கு மனுசன் முறுக்கிக்கிட்டாரு. முறுக்கிக்கிட்டாருன்னா நானும் விட்டுட்டேன். அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா என் வாசப்படி மிதிக்காதன்னு வடிவுகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அம்புட்டுதான். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சை எடுக்கல. நல்ல குணம், ஒரு தடவை சொன்னாப் போதும் அவளுக்கு.

இப்ப விசயம் என்னன்னா, சாவுச் சேதி அவளுக்கு மட்டும் போயிருக்கு. மாப்பிள்ளைக்குச் சொல்லல! என்னதான் சண்டைன்னாலும் சாவுக்குச் சொல்லாம இருக்கலாமா? சொல்லலேன்னா போகக் கூடாதுன்னுதான் முறை. ஆனா யோசிச்சேன். சொல்லி விடாமலே வந்து நிக்காரு பாருன்னு நாலு பேரு மூக்குல விரலை வைக்கணும். அதுக்கு மாலை பெருசா இருக்கணும். ஒட்டி உறவாடுறவன் ஒரு முழம் பூவைப் போட்டாக் கூட ஒண்ணும் சொல்ல மாட்டாக. சண்டைக்காரன் போடுற மாலையை எல்லாரும் பாப்பான். அதான் இந்தச் சைஸு. நல்ல பன்னீர் ரோஸ், தொட்டுப் பாருங்க. சரி, தொட வேண்டாம்.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா ஒரு பொறுப்புல இருக்கோம் பாருங்க. சங்கத்து வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டேன். மக கல்யாண ஆல்பத்துல மாமா பந்தியில உக்காந்து பாயாசம் குடிக்கிற படம் ஒண்ணு இருந்துச்சு. ஆமா, பேரு போடாட்டியும் கல்யாணத்துக்கு வந்தாரு, சாப்பிட்டுட்டுத்தான் கோவிச்சுக்கிட்டுப் போனாரு. அதுல முகத்தை மட்டும் வெட்டி, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வச்சு, 'கண்ணீர் அஞ்சலி, தூத்துக்குடி திரு. பொன்னுலிங்கம் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்'னு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். எட்டயபுரம் தாண்டுறதுக்குள்ள குரூப்பு பூரா கும்பிடு, கண்ணீரு. நானும் என் பங்குக்கு ரெண்டு கண்ணீரு போட்டேன். ஆயிரம் இருந்தாலும் பொண்ணு குடுத்த மனுசன்.

தூத்துக்குடியில இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போறேன். தெருவுல பந்தல் இல்ல. சங்குச் சத்தம் இல்ல. ஒரு நாற்காலி கூடக் கிடக்கல. என்னடா ஊரு இது, ஒரு சாவை ஒழுங்கா நடத்தத் தெரியலியே, நம்ம கை வச்சாத்தான் வேலை நடக்கும்போலன்னு எனக்குக் கோவம். வேட்டியை மடிச்சுக் கட்டி, மாலையைத் தோள்ல போட்டுக்கிட்டு, வாசல்ல போய் நின்னு, "அய்யோ மாமா, எங்களை விட்டுட்டுப் போயிட்டியளே!"ன்னு ஒரு குரல் குடுத்தேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு.

"யாருய்யா அது, வெயில் நேரத்துல?"ன்னு உள்ள இருந்து மாமா வாறாரு. ஒரு கையில பாதி கடிச்ச வாழைப்பழம். இன்னொரு கையில போன். போன்ல யாருகிட்டயோ, "இல்லய்யா, நான்தான் பேசுதேன். பொன்னுலிங்கம்தான். சாகலய்யா, இப்பத்தான் சாப்பிட்டேன். சரி, அழாத, வை"ங்காரு.

என் நிலைமையை நினைச்சுப் பாருங்க. தோள்ல ஆளுயரத்துக்கு மாலை. எதுத்தாப்புல ஆளு உசுரோட. நான் என்ன செய்ய? "நல்லாருக்கியளா மாமா?"ன்னேன்.

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. மாலையைப் பாத்தாரு. "மாப்பிள்ளை, காலையில இருந்து எனக்கே துஷ்டி கேட்டுப் போன் வருது, அந்தப் படமும் வந்துச்சு. யாரு கிளப்பி விட்டதுன்னு இப்பத்தான் தெரியுது. எம்புட்டுப் பெரிய எழுத்துல போட்டிருக்கிய என் பேரை! கல்யாணப் பத்திரிகையிலதான் இடம் பத்தாமப் போச்சு"ன்னாரு.

அதுக்குள்ள அத்தை வெளிய வந்துட்டாக. மாலையைக் கண்டதுதான் தாமதம், "அந்த எழவை எடுத்துக்கிட்டு நடையேறாதிய! வெள்ளிக்கிழமை வீடு மெழுகி கோலம் போட்டிருக்கேன், என் தாலிக்கு வினையா வந்து நிக்கிய"ன்னு ஒரே சத்தம். சுத்தி வீட்டு ஆளுக பூரா வாசல்ல. மாமாவுக்குச் சிரிப்பு அடக்க முடியல. "ஏளா விடு, மாப்பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு. ஃபிரிட்ஜ்ல வை, தேவைப்படும்போது போட்டுக்கிடுதேன்"ங்காரு. இந்த வயசுல அந்த மனுசனுக்கு எகத்தாளத்தைப் பாருங்க.

வேற வழி? அங்கயே தெருவுல நின்னு குரூப்புல மறுப்புப் போட்டேன். அவசரத்துல பழசையே எடுத்துத் திருத்தினதுல, 'திரு. பொன்னுலிங்கம் அவர்கள் நலமுடன் இருக்கிறார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்'னு போயிருச்சு. அழிக்கப் பாத்தேன், அதுக்குள்ள எங்க தலைவர் அதுக்கு ரெண்டு கண்ணீரு போட்டுட்டாரு.

சரி, வடிவு எங்க, கூப்பிடுங்கன்னேன். மாமா சிரிப்பு நின்னு போச்சு. "வடிவா? வடிவு இங்க எங்க வந்தா? ஏழு வருசமாச்சே அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்து. வந்திருக்காளா?"ன்னு தெருவை எட்டிப் பாக்காரு. அத்தையும் கத்துறதை நிறுத்திட்டு எட்டிப் பாக்காக.

உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன அண்ணாச்சி, அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. சாவு இல்ல. சித்தப்பா வீட்டுக்கும் வரல. அப்ப எங்க போனா? எதுக்குப் போனா? போனைக் கையில எடுத்தேன். ஊருல யாருக்கு என்னன்னாலும் எனக்குப் போன் வரும். எனக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் போடுவேன்? ஒரு பேரு தோணல. தோணுனது ஒரே ஒரு நம்பருதான், அது கோவில்பட்டியில அரிசி டின் மேல கிடக்கு. நடுத்தெருவுல நின்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. மாலையோட நின்னதால யாரும் வித்தியாசமா நினைக்கல.

அத்தைதான் சொன்னாக. "கடற்கரையில போய்ப் பாருங்க. சின்னதுல அவளுக்குக் கடல்னா உசுரு. பரீட்சை லீவுக்கு வந்தா பொழுதன்னைக்கும் கடற்கரைதான். சோத்துக்குக் கூட்டிட்டு வாறதுக்கு ஒரு ஆளு போகணும்"ன்னாக. எனக்கு இது புதுசு. இத்தனை வருசத்துல எங்கிட்ட அவ சொன்னதே இல்ல.

இருங்க, கண்டக்டர் வாறாரு. என்ன தம்பி? ரெண்டு டிக்கெட்டு ஏற்கெனவே எடுத்தாச்சேப்பா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு முன்னால கத்திரிப்பூ சேலைக்கு. என்னது? அந்தம்மா தானே எடுத்துட்டாகளா? சரி, இருக்கட்டும் போப்பா.

பாத்தியளா அண்ணாச்சி வீம்பை? தனியா டிக்கெட் எடுத்துக்கிட்டாளாம்! நான் எடுத்த டிக்கெட்டுல வந்தா மகாராணிக்குக் கிரீடம் சாஞ்சிரும். எப்போதும்வென்றான் ஸ்டாப்புல ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி, முன்னால அந்தச் சேலைக்குக் குடுங்கன்னு கை மாத்திக் கை மாத்தி அனுப்பினேன், நீங்களும் பாத்தியள்லா? அப்படியே திரும்பி வந்துருச்சு. 'வேண்டாமாம்'னு சொல்லி விட்டிருக்கா. புருசன்கிட்டப் பேச மாட்டா, ஊராங்கிட்டச் சொல்லி விடுவா. வீடு வரட்டும், பேசிக்கிடுதேன்.

ஒண்ணு கேளுங்க. என்னமோ நான் அவளை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்தேன்னு நினைச்சிராதிய. நான் கூட்டிட்டுப் போகாத ஊரு உண்டா? திருச்செந்தூருக்குப் போயிருக்கா, எங்க பெரியப்பா மருமகன் துஷ்டி. கன்னியாகுமரிக்குப் போயிருக்கா, எனக்குச் சரக்கு அனுப்புற யாவாரியோட அம்மா. குளச்சல் போயிருக்கா. நாகப்பட்டினம், அம்புட்டுத் தூரம், கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தூத்துக்குடிக்கே நாலு தடவை. கடல் உள்ள ஊரு ஒண்ணு பாக்கி கிடையாது. கடலைத்தான் பாக்கல. எப்படிப் பாக்க? துஷ்டி வீட்டுக்குப் போனா நேரா வீட்டுக்கு வந்து தலையில தண்ணி ஊத்தணும். நடுவுல கடற்கரையில இறங்கிக் காத்து வாங்குனா ஊரு காறித் துப்பாதா? கன்னியாகுமரியில மட்டும் அவ ஒரு தடவை கேட்டா, "அஞ்சு நிமிசம் எட்டிப் பாத்துட்டு வந்துருவோமே"ன்னு. தீட்டோட போய் நிப்பியாடின்னு ஒரு அதட்டுப் போட்டேன். அதுக்கப்புறம் கேட்டதில்ல. காரு போற வழியில கடல் தெரிஞ்சா அந்தப் பக்கமா உக்காந்துக்கிடுவா, அம்புட்டுதான்.

கடற்கரைக்குப் போனேன். மதிய வெயிலு. மாலையைத் தூக்கிட்டு மணல்ல நடக்கேன், காலு பொதக்கு பொதக்குன்னு உள்ள போகுது. அங்க உக்காந்திருந்த சின்னஞ்சிறுசுக ஜோடி ஜோடியா எழுந்திரிச்சு வழி விடுதுக. எவனோ கடல்ல விழுந்துட்டான்னு நினைச்சிருக்கும். தேடிக்கிட்டே போறேன், தண்ணிக்குப் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கா. செருப்பைக் கழத்தி ஓரமா வச்சிருக்கா. காலை நீட்டிக்கிட்டு, காகிதத்துல மாங்காப் பத்தையை வச்சு, உப்பு மொளகாப்பொடி தொட்டுத் தொட்டுத் திங்கா. அலை வந்து காலை நனைச்சுட்டுப் போகும்போதெல்லாம் சிரிக்கா. யாரைப் பாத்து? யாருமில்ல. அவளாச் சிரிக்கா. தாண்டிப் போயிட்டேன் அண்ணாச்சி. நம்ம வீட்டு ஆளுன்னு தோணவே இல்ல. நாலு எட்டு வச்ச பொறவுதான் சேலைக் கலர் ஞாபகம் வந்து திரும்பினேன்.

என்னை நிமிந்து பாத்தா. மாலையைப் பாத்தா. "யாரு செத்துட்டா?"ன்னு கேட்டா.

அழுறதா, அறையுறதான்னு எனக்குத் தெரியல. "நீ எதுக்குட்டி இங்க வந்த?"ன்னேன்.

"சும்மா"ங்கா.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். கடல் பாக்கணும்போல இருந்துச்சு. வந்தேன்."

சும்மாவாம்! கேட்டியளா அநியாயத்தை? கோயிலுக்குப் போனேன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். டாக்டரைப் பாக்கப் போனேன்னு சொல்லு, பாவம்னு விடுதேன். சேலை எடுக்கப் போனேன்னு கூடச் சொல்லு. சும்மா ஒரு ஊருக்கு எவனாவது போவானா? ஊருல கேட்டா நான் என்னன்னு சொல்ல? கோமதிநாயகம் பொண்டாட்டி சும்மா தூத்துக்குடிக்குப் போயிட்டு வந்தான்னு சொல்லவா?

"தலையில பூ எங்க?"ன்னேன். "பூக்காரி இன்னைக்கு வரல"ங்கா. "எங்கிட்ட ஏன் சொல்லல?"ன்னேன். "சொன்னா நீங்களும் வருவீக"ன்னா. முகத்துக்கு நேரா சொல்லுதா! "ஒரு துஷ்டி, காரியம்னா கூடச் சரி, இப்படியா தனியா வருவா ஒரு பொம்பளை?"ன்னு சத்தம் போட்டேன். அப்ப அவ ஒண்ணு கேட்டா. "ஏன், யாராவது செத்தாத்தான் நான் பஸ் ஏறணுமா?"ன்னா. கத்தல கித்தல. மாங்காயைத் தின்னுக்கிட்டேதான் கேட்டா.

பதில் சொல்லத் தெரியாம இல்ல. சொல்லியிருப்பேன். அதுக்குள்ள, "உக்காருங்க"ன்னு மணலைத் தட்டி விட்டா. மாலையோட எங்க உக்கார? "துஷ்டிக்குன்னு கிளம்பிட்டா நேர வீட்டுக்குத்தான் போகணும்"ன்னேன். "அதான் யாரும் சாகலல்லா?"ன்னு ஒரு பத்தையை நீட்டினா. பசி வேற. வாங்கிக் கடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதை அவகிட்டச் சொல்லிக்கிடல. சொன்னா எடம் குடுத்த மாதிரி ஆயிரும்.

"கிளம்பு, பஸ் இருக்கு"ன்னேன். திரும்பி நடந்துட்டேன். பின்னால என்னமோ சொன்னா. கப்பல், லைட்டுன்னு என்னமோ. அதையெல்லாம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா ஆகுமா? நான் முன்னால நடப்பேன், அவ பின்னால வருவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். வாறாளா வரலியான்னு திரும்பிப் பாக்குற பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது. எங்க போயிருவா? பஸ்ஸு வந்துச்சு, கூட்டம், நான் பின் வாசல்ல ஏறினேன், அவ முன் வாசல்ல ஏறிட்டா. ஏறி உக்காந்து நிமிந்து பாத்தா, முன்னால கத்திரிப்பூ சேலை. சரிதான்னு நிம்மதியாச்சு.

மாலையையா? அதான் கவலையா இருக்கு. சாவுக்குன்னு வாங்குனதை சாமிக்குப் போட முடியாது. போடாத மாலையைக் குப்பையில எறியவும் மனசு வரல. தண்ணி தெளிச்சு வச்சா நாளைக் காலை வரைக்கும் தாங்கும். எங்க தெருவுல வயசானவுக நாலஞ்சு பேரு இழுத்துக்கிட்டுத்தான் கிடக்காக. ச்சீ, அப்படி நினைக்கக் கூடாது. இருந்தாலும் ஒரு நல்ல மாலை வீணாப் போகுதேன்னுதான்.

அவளை நான் திட்டப் போறதில்ல அண்ணாச்சி. வழியெல்லாம் யோசிச்சுட்டேன். வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தைதான் சொல்லணும். 'உன்னைக் காணாம ரொம்பப் பயந்துட்டேன்டி'ன்னு. அவகிட்ட இப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்ல. அதான் உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாக்கேன். நல்லாருக்கா? சரி. அப்புறம் ரெண்டு திட்டு திட்டிக்கிடலாம்.

இந்தா, கோவில்பட்டி வந்துருச்சு. இருங்க, கூட்டம் இறங்கட்டும். ஏட்டி வடிவு! எடம் வந்துட்டு, எழுந்திரி! பாத்தியளா, காதுல விழாத மாதிரி பையை எடுக்கா. ஏட்டி, உன்னைத்தான்! திரும்ப மாட்டாளாமே. ஏம்மா, முன்னால நிக்கிற ஆச்சி, அந்தக் கத்திரிப்பூ சேலையைத் தட்டிக் கூப்பிடுங்க. ஆமா, அவதான்.

அண்ணாச்சி.

அது யாரு அண்ணாச்சி?

இல்ல, அது அவ இல்ல. அது யாரோ டீச்சரம்மா மாதிரில்லா இருக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கு. என்னை முறைக்கு. அந்தம்மாவுக்கா முறுக்கு அனுப்பினேன்? அய்யோ. அப்ப வடிவு எங்க? ஏறலியா? நான் ஏறும்போது பின்னால இருந்தா. இருந்தாளா? நான் பாக்கலியே. கடற்கரையில இருந்து ஒரு தடவை கூட நான் திரும்பிப் பாக்கலியே.

அவ என்ன சொன்னா? இருங்க, இருங்க, யோசிக்கவிடுங்க. "நீங்க போங்க. கப்பல்ல லைட்டுப் போடுறதைப் பாத்துட்டுக் கடைசி பஸ்ஸுல வாறேன்." அம்புட்டும் சொல்லியிருக்கா. காதுல விழாம இல்ல, விழுந்துச்சு. அப்ப இம்புட்டு நேரமும் அங்கதான் உக்காந்திருக்காளா? ஒத்தையிலயா? நான் போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிருமே. போனும் இல்லியே அவகிட்ட. சங்கத்துல சொல்லி நாலு பேரைத் தேடச் சொல்லலாம்னா, காலையில போட்டதுக்கே இன்னும் கண்ணீரு வந்துக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள இன்னொண்ணு போடவா? இப்படியே தெருவுக்குள்ள போனா செல்லக்கனி வாசல்லயே நிப்பா. மதினி எங்கன்னு மொத வேலையா கேப்பா.

அண்ணாச்சி, இந்த மாலையைக் கொஞ்சம் பிடிங்க, நான் ஓடிப்போய் அந்தா கிளம்புற தூத்துக்குடி பஸ்ஸை நிறுத்துதேன். அட, பிடிங்கன்னா! எங்க ஓடுதிய? இம்புட்டு நேரம் பக்கத்துல உக்காந்துதானே வந்திய?

ஏ தம்பி, கண்டக்டர் தம்பி! நில்லு, விசில் அடிக்காத! இந்த வண்டி தூத்துக்குடிதானே? நானும் வாறேன். தள்ளி நில்லுப்பா, ஏறிக்கிடுதேன். ஆமா, இப்பத்தான் அங்க இருந்து வந்தேன். மறுபடியும்தான் போறேன். ஒரு டிக்கெட்டு குடு.

என்னது? மாலையா? இல்லப்பா, யாரும் தவறல. துஷ்டி இல்ல. கோயிலுக்கும் இல்ல. ஆஸ்பத்திரியும் இல்ல. பின்ன எதுக்கா?

எதுக்குன்னா...

சும்மா. சும்மாதான் போறேன்.